ஐந்தாம் பங்கேற்பாளர்

ஜனவரி. ஓவுலுவில் மூன்று மணிக்கே
ஜன்னல் கருநீலமாகிவிடும்.
உயர்நிலை மனித–கணினி ஊடாட்டம்,
ஐந்து கிரெடிட், ஆய்வறைக்குள் காலணி கூடாது.
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறேன்
ஒரு தொடுதிரைக்குப் பக்கத்தில்.
கண்ணாடிக்கு அப்பால் ஆத்தோஸ்,
கையில் நிறுத்துக்கடிகாரம்.

முதல் நால்வரும் எங்கள் வகுப்பு.
சராசரி ஒன்பது நொடி.
அன்றைக்கே அறிக்கையின் முடிவுரையைப்
பாதி எழுதிவிட்டோம்.

ஐந்தாவதாக வந்தவர் துய்ரே கொசோலா.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
முப்பது மீட்டர் உயரக் கூண்டிலிருந்து
இருபது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல லாரியில் வைப்பாராம்.
சொன்னது ஆத்தோஸின் அக்கா.
அவர் படிவத்தில் எழுதியது ஒரே சொல்: துறைமுகம்.

எழுதிவைத்ததை வாசித்தேன்.
"சோதிப்பது உங்களை அல்ல, இந்தத் திரையை.
நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள்."
தலையசைத்தார்.
பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

பணி ஒன்று: மருத்துவமனைக்கு வந்துவிட்டதைப் பதிவு செய்க.

விரல் திரைக்கு மேலே நின்றது,
சரக்கில்லாத கொக்கிபோல.
நாற்பது நொடி.
"என்ன நினைக்கிறீர்கள்?"
இந்த ஒரு கேள்விக்குத்தான் அனுமதி.
"ஒன்றுமில்லை. மன்னிக்கவும்."
ஆத்தோஸ் குறித்துக்கொண்டான்.
தயக்கம் ஒன்று. மன்னிப்பு ஒன்று.

பொத்தான் அங்கேதான் இருக்கிறது,
வலது கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில்.
அந்தச் சாம்பலுக்காக மூன்று இரவு விழித்தேன்.
பதினொரு சாம்பல்களை வரிசையாக வைத்து
கண்ணை உறுத்தாத ஒன்றைப் பொறுக்கினேன்.
உறுத்தவேயில்லை.
அவர் பார்வையைத் தொடரும் சிவப்புப் புள்ளி
அந்த மூலையை நான்கு முறை கடந்துபோனது,
ஆளில்லாத வீட்டைக் கடப்பதுபோல.

உதவக் கூடாது என்பது விதி.
சும்மா இருப்பது இத்தனை பெரிய வேலை என்று
எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை.
மேசைக்கடியில் என் ஆள்காட்டி விரல்
தானாக வலதுபக்கம் நீண்டது.
மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஆறாம் நிமிடம். மன்னிப்பு ஏழு.
யாரிடம் கேட்கிறார்?
என்னிடமென்றால் முகம் திரும்பியிருக்கும்.

நேரம் முடிந்ததும் தொட்டுக் காட்டினேன்.
"அதுவா?" குனிந்து பார்த்தார்.
"என் கூண்டில் சாம்பல் விளக்கென்றால்
அந்த வழியில் மின்சாரம் செத்துவிட்டதென்று அர்த்தம்.
செத்ததைப் போய் எதற்கு அழுத்துவேன்?"
கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே கேட்டார்:
"நான் தேறினேனா?"

தாழ்வாரத்தில் காபி இயந்திரம்.
எங்கள் துறையுடையதுதான்.
இரண்டு முறை அழுத்த வேண்டும், நடுவில் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.
அப்படிச் சொல்லும் துண்டுச்சீட்டு
செப்டம்பரிலேயே உரிந்து விழுந்துவிட்டது.
முனைவர்கள், முனைவராகப் போகிறவர்கள்,
டென்மார்க்கிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர்,
எல்லோரும் வெறுங்கோப்பையோடு அசடு வழிந்த இடம்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் துய்ரே அழுத்திவிட்டார். வரவில்லை.
காதைச் சற்றே சாய்த்தார்.
உள்ளே எங்கோ ஒரு 'டக்'.
மறுபடி அழுத்தினார்.

இரண்டு வருடமாக அந்த 'டக்' என் காதில் விழுந்ததில்லை.

"நல்ல இயந்திரம்," என்றார் ஊதிக் குடித்தபடி,
"நினைப்பதை வாய்விட்டுச் சொல்கிறது."

வெள்ளிக்கிழமை அறிக்கை தர வேண்டும்.
'பணி ஒன்று, தோல்வி' என்ற வரிக்கு முன்னால்
யாரைப் போடுவதென்று ஆத்தோஸ் கேட்கிறான்.
முடிவுரையை அழித்தாயிற்று.
பொத்தான் பச்சையா நீலமா, தெரியவில்லை.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
சைக்கிள் பூட்டு உறைந்து கிடக்கிறது.
சாவியைத் திருப்பினேன், திருப்பினேன்.
"மன்னிக்கவும்" என்றேன்,
பூட்டிடம்.