எடைமேடைச் சீட்டு

மூன்று கூடுகள் பார்த்தாயிற்று
என் பிக்கப்பின் முதுகுக்கு.

முதலாவது கோயம்புத்தூர்க்காரர் அனுப்பிய படம்.
அலுமினியம். நாலு மூலையிலும் காற்றுத்தண்டு.
பூட்டைத் தட்டினால் கூரை தானாக எழும்புமாம்,
கொட்டாவி மாதிரி.
விலையைக் கேட்டதும் எங்கள் வாயும் அப்படித்தான் திறந்தது.
உப்புக்காற்று தாங்குமா என்றேன்.
"அதெல்லாம் பிரச்சினையே இல்ல சார்."
பாம்பனில் ஒரு கதவுக்கீல்கூட நம்பாத வாக்கியம்.

அடுத்தது பலகைச் சுவர் வைத்தது. மடங்காது.
மழைக்கு நல்லது என்றார்கள்.
பாலத்தில் கச்சான் அடிக்கும்போது
வெறும் ஐஸ் பெட்டிகளோடு போனாலே
வண்டி ஒரு முழம் விலகி நிற்கும்.
அவ்வளவு உயரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு
கடலுக்கு மேலே யார் ஓட்டுவது?

பிறகு மண்டபம். கலந்தர் மைதீன் பட்டறை.
வள்ளம் வார்க்கிற அதே ஃபைபர்,
கவிழ்த்துப்போட்ட வத்தை போலக் கூரை,
சுற்றிலும் தார்ப்பாய்ச் சுவர், கொசுவலை வைத்து மூன்று ஜன்னல்.
இரண்டு பேர் உள்ளே நின்று தோள்கொடுத்துத் தூக்க வேண்டும்.
"ஒத்த ஆளு தூக்குனா?"
"இடுப்புப் பிடிக்கும். படுக்கத்தான் உள்ளயே மெத்தை கெடக்கே."

ரெஜினாள் கிலோவும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
நடுவில் நிமிர்ந்து நின்றாள்.
என்னைவிட நாலு விரல் உயரம் அவள்.
கல்யாணப் படத்துக்கு ஸ்டூடியோக்காரர்
என்னை ஒரு சோடாப் பெட்டிமேல் ஏற்றிவிட்டார்.

"சேலை கட்டணும். முந்திய வீசுறப்ப கை இடிக்கக் கூடாது."
சொல்லிவிட்டு
இல்லாத சேலை ஒன்றைக் கட்டிக் காட்டினாள்:
ஒரு சுற்று, விரலிடையில் கொசுவம், சொருகல்,
தோளுக்கு மேலே ஒரு வீச்சு.
நகம் கூரையில் பட்டு டக் என்றது.
கலந்தர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து
ஐந்து அங்குலம் கூட்டி எழுதினார்.

மீதி கணக்கு என்னுடையது.
வாரம் ஆறு நாள் இந்த வண்டி நண்டு சுமக்கும்.
ஞாயிறு மட்டுமோ, லீவு போட்டு ஒரு மாதமோ
கூடு ஏறும். ஆகவே கழற்ற வேண்டும்; நாலு கால் வைத்து.
கூடு நூற்றெண்பது கிலோ. தண்ணீர் அறுபது.
பேட்டரி, அடுப்பு, அரிசி, கூடுதல் டயர்.
நான் எழுபத்திரண்டு.
ரெஜினாள் என்ற வரியில் பேனா நின்றது.
"எதையாச்சும் எழுதிக்க."

ராமநாதபுரம் எடைமேடையில் ஒரு சீட்டு, அவளோடு.
"டீ வாங்கிட்டு வா" என்று இறக்கிவிட்டு இன்னொன்று.
அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
வித்தியாசம் எழுபது.
டீயைக் கொடுத்துவிட்டு இரண்டு சீட்டையும் பார்த்தாள்.
"அதுல பத்து கிலோ காத்து" என்றாள்.

மாதிரிக் கூட்டை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கி
குந்துகால் கரையில் நிறுத்தினோம்.
தூக்கினோம். அவள் பக்கம் முதலில் ஏறியது.
தார்ப்பாய் புடைத்தது, ஒடுங்கியது, புடைத்தது.
நடுச்சாமத்தில் அடித்தட்டிலிருந்து
ஒன்பது வருஷத்து நண்டு வாடை எழுந்து வந்து
எங்களுக்கு நடுவே படுத்தது.
எங்கே போகலாம் என்று இருட்டில் கேட்டேன்.
கட்ச் என்று சொல்வாள் என நினைத்திருந்தேன்;
வெள்ளை மணல் படம் காட்டியிருக்கிறேன்.

"காசு குடுக்காம ஐஸ் கெடக்குற ஊருக்கு."

அது எவ்வளவு தூரம், எத்தனை டேங்க் டீசல்
என்று எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டேன்.
வெள்ளன நாலு மணிக்கு நண்டுக் கம்பெனி போன்.
அவசரமாகக் கூரையை இறக்கி, கொக்கி மாட்டி,
பாலத்தில் ஏறுகையில்
பின்னால் வந்த லாரி விளக்கை விளக்கை அடித்தது.
டெயில் லைட் போச்சு என்று நினைத்தேன்.
கண்ணாடியில் பார்த்தால்
கூரை விளிம்பில் அகப்பட்ட சேலை, இரண்டு முழம்,
கடல் பக்கமாக நீண்டு படபடக்கிறது.
நிறுத்தவா என்றேன்.

"ஓட்டு" என்றாள்.