கால் நனைத்தல்

அடிலெய்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்.
தூங்கியே வந்தேன்.
இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கிய கை
மடியில் யாருடையதோ போலக் கிடந்தது.

தனுண்டாவில் இறங்கியதும்
வழிகாட்டி மெரடித் ஒரு தட்டைக் காட்டினார்.
மருந்துத் தண்ணீர்.
"வேர்ப்பூச்சி மண்ணில் ஒட்டி வரும்,
நனைத்துவிட்டு வாருங்கள்."
பத்தொன்பது பேரும் கொக்குபோல
ஒவ்வொரு காலாய் நனைத்தோம்.
விமான நிலையத்திலும் இதைத்தான் கேட்டார்கள்:
மண் கொண்டுவந்தாயா?

கொடி என்றார்கள்.
பிழிந்து மறந்துபோன துணி மாதிரி
முறுக்கிய கறுப்புக் கட்டை.
நூற்றெழுபது வயதாம்,
கப்பலில் குச்சியாக வந்ததாம்.
அன்று அதன் காலை நனைத்தது யார்?
வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

முஃபீதா கேட்டுவிட்டாள்:
"அதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?"
மெரடித் ஒரு பெயரைச் சொன்னார்,
தவறிவிடக் கூடாதென்று மெதுவாக,
இரண்டு முறை.
பிறகு வந்த கடையில்
புட்டி புட்டியாக அந்தப் பெயரைத் தேடினேன்.

சுவைக்கும் மேசையில்
புகையிலை, தோல், பிளம் என்றார்கள்.
லின்யாவ் "இருமல் மருந்து" என்றான்.
எனக்கு நாவற்பழம்; நாக்கை நீட்டிப் பார்த்தேன்,
நிறம்கூட அதேதான்.
வெறும் சாறு குடித்த முஃபீதாதான்
பேருந்து வரை சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஏறும்போது மெல்லக் கேட்டேன்:
"அறுவடைக்கு ஆள் எடுப்பீர்களா?
மணிக்கு எவ்வளவு?"
அதுவரை மனப்பாடமாகப் பேசியவர்
முதன்முறையாக யோசித்தார்,
ஒரு அட்டையின் பின்னால் எண் எழுதினார்.
பிப்ரவரியில் வரச் சொன்னார்,
சுத்தமான காலணியோடு.