ஐம்பதாம் எண்ணில் யார்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மழைக்கு ஒதுங்கின பைக்குகளைத் தாண்டி
மாடியில் ஸ்கேன் சென்டர்.
ஏழரைக்கே ஆட்கள் போய்விட்டார்கள்.
ஸ்டோரேஜ் பெட்டி மட்டும் மத்தியானத்திலிருந்து
நிமிஷத்துக்கு ஒருதரம் கீச்சிடுகிறது
முட்டைக்குள் இருக்கிற கோழிக்குஞ்சு மாதிரி.

நாலு டிஸ்க்.
அதில் ஒன்று சாகப்போகிறது.
எது என்று சொல்ல அதற்கொரு பக்கம் உண்டு.
அந்தப் பக்கம்தான் திறக்கவில்லை.
தப்பான டிஸ்க்கை உருவினால் எல்லாம் போகும்.
நாலு விளக்கும் பச்சை.
பச்சையை நான் நம்புவதில்லை.

வேலையில் ஒரு குறை இல்லை.
குலசேகரத்துக்காரர் ஒருவரின் முழங்கால்,
கருங்கல்லில் சைக்கிளோடு விழுந்த சிறுமியின் மணிக்கட்டு,
யாருடையதோ நுரையீரல்,
கேட்ட படத்தைக் கேட்டதும் எடுத்துத் தருகிறது.
உனக்கு என்ன என்றால் மட்டும்
வாய் திறக்காது.

கேபிளைப் பிடுங்கி, ஊதி, சொருகினேன்.
சுவிட்சில் வாசல் மாற்றினேன்.
என் லேப்டாப்பையே சந்தேகப்பட்டேன்.
பிங் அடித்தேன்.
பதில் வருகிறது.
ஒரு மில்லி செகண்ட்.
ஒரு மில்லி செகண்ட்.
ஆள் உள்ளே இருக்கிறான், கதவுதான் திறக்கவில்லை
என்று நோட்டில் எழுதினேன்.

இதை நிறுவின செல்வின் ஜோஸ் தோஹாவில்.
படங்களுக்கு ஒரு வாசல், விசாரணைக்கு ஒரு வாசல் என்று
தனித்தனியாக வைத்துவிட்டுப் போனவன்.
சுவரில் பென்சிலால் அவன் நம்பர்.
நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் எடுத்தாள்.
தூக்கக் குரல்.
இந்த மாசம் நான் மூணாவது ஆளாம்.

ரீஸ்டார்ட் போடலாம்.
பட்டன்வரை விரல் போனது.
சாகக்கிடக்கிற டிஸ்க் ஒருமுறை நின்றால்
மறுபடி சுற்றாமலும் போகும்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

வாட்ச்மேன் தாசையன் ரெண்டு மட்டிப்பழம் நீட்டினார்.
"இன்னும் தீரல்லியா பிள்ளே?"
"தீரல்ல."
"அப்போ தின்னு."

தின்றபடி, வேறொன்றும் தோன்றாமல்,
ஏ.ஆர்.பி. பட்டியலைத் திறந்தேன்.
ஐம்பதாம் எண்ணுக்கு நேரே
மூணு ஏழு என்று முடிகிற வன்பொருள் முகவரி.
பெட்டியை அசைக்காமல்
முதுகுப்பக்கம் டார்ச் அடித்துப் படித்தேன்.
ஸ்டிக்கரில்
ஏ நாலு.

ஒன்றரை மணிநேரமாக
எனக்குப் பதில் சொன்னது யார்?

ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போனேன்.
வரவேற்பு மேஜை. யூபிஎஸ். மாதா படம்.
அதற்குக் கீழே
போன திங்கள் மாட்டின வருகைப்பதிவு மெஷின்,
விரல் கேட்டுச் சிவப்பாக விழித்துக்கொண்டு.
அதற்கும் ஐம்பதையே கொடுத்திருக்கிறார்கள்.
கூப்பிட்டால் ஏன் என்றிருக்கிறது, பாவம்.
கொடுத்த பேர்தானே.

"இதைப் பிடுங்கணும்" என்றேன்.
தாசையன் அன்றைக்குச் சிரித்தது அப்போதுதான்.
பதினெட்டு வருஷம் ரப்பர் வெட்டின பெருவிரல்;
ரேகை காணோம் என்று
மூணு நாளாக அவருக்கு ஆப்சென்ட்.
"நான் பிடுங்கட்டா?"
நான் தலையாட்டுவதற்குள் வயர் அவர் கையில்.

பிங் நின்றது.
நாலு வரி ஒன்றும் இல்லை.
ஐந்தாவதில் ஒரு பதில், சற்றுத் தாமதமாக,
இரண்டு மில்லி செகண்ட்,
நாள்பட்டுப் பேசுகிறவரின் தொண்டைக் கனைப்பு போல.

பக்கம் திறந்தது.
பாஸ்வேர்டும் சுவரில்தான், அதே பென்சில்.
மூன்றாவது டிஸ்க்.
பதினோரு நாளாகச் சொல்லியிருக்கிறது
தேதி போட்டு, நேரம் போட்டு,
வரிக்கு வரி அதே சொற்களில்,
ஒருவரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில்.
கீச்சொலியை நிறுத்த அங்கே ஒரு பட்டன் இருந்தது.
உடனே அமுக்கவில்லை.
இன்னொரு முறை கீச்சிட்டது. கேட்டேன்.
பிறகு அமுக்கினேன்.

புது டிஸ்க் காலையில் நாகர்கோவிலிலிருந்து
முதல் பஸ்ஸில் வரும்.
மெஷினுக்கு ஐம்பத்தொன்று.
தாசையனின் விரலுக்கு என்ன செய்ய என்று
நோட்டில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

இறங்குமுன்
செல்வினின் நம்பரை எச்சில் தொட்டு அழித்தேன்.