ஒட்டாத லேபிள்

இசாஃபியர்துரில் ஜனவரி.
வெளிச்சம் பதினொரு மணிக்கு வந்து
வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக்
கிளம்பிவிடும்.

மீன் ஆலையின் மேல்மாடியில் மூன்று பேர்:
ஸ்டெய்னுன், ஹால்வர்துர், ப்ரோனிஸ்வாஃப்.
நனைந்த பெட்டியில் லேபிள் நிற்கவில்லை.
ஏழு வாரம்
பசை, வேறு பசை,
ஜெர்மனியிலிருந்து வந்த பசை.
மூன்று மூளையும் ஒன்றோடொன்று
நன்றாக ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சம்பளச் சீட்டோடு ஒரு துண்டுத்தாள் போயிற்று:
"லேபிள் உதிர்கிறது. என்ன செய்யலாம்?"

தொண்ணூற்றொரு பதில்.
பதினேழு பேருக்குக் காபி இயந்திரம் சரியில்லை.
ஒருவர் மேலாளரை ஒட்டிப் பார்க்கச் சொன்னார்.
ஒன்றில் எழுத்தே இல்லை,
மீன் செதில் மட்டும்
தாளோடு கெட்டியாக ஒட்டியிருந்தது.

இரவில் தரை கழுவும் மாரிசெல் எழுதியிருந்தாள்:
தினம் நாற்பது பொறுக்குகிறேன்.
கட்டும் நாடாவுக்கு அடியில் சிக்கியது
ஒருநாளும் என் வாளிக்கு வந்ததில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யோனாஸ்:
நான் லேபிள் படிப்பதே இல்லை.
கண்ணாடியெல்லாம் பனி.
நிறம்தான் தெரியும்.

ஸ்டெய்னுன் இரண்டு தாளையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ப்ரோனிஸ்வாஃப் எழுந்துபோய்ப்
பசை டப்பாவை மூடினான்.

இப்போது காட் மீனுக்கு நீல நாடா,
ஹேடக்குக்கு மஞ்சள்,
லேபிள் அதற்கடியில்.
யாருடைய யோசனை என்று கேட்டால்
மாரிசெல் யோனாஸைக் காட்டுகிறாள்,
யோனாஸ் தோளைக் குலுக்கிவிட்டு
வண்டியைப் பின்னால் எடுக்கிறான்.

காபி இயந்திரம் அப்படியேதான் இருக்கிறது.
அதை ஆராய
மூவர் குழு ஒன்று
அமைத்திருக்கிறார்கள்.