அரைப் பேர்

மஸ்கெலியா பஸ்ஸில் இறங்கி
ஒன்றரைக் கட்டை நடந்தால்
ஸ்ட்ரோன்மோர் தோட்டத்து ஆபீஸ்.
அங்கே ஒரு கம்ப்யூட்டர்
சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிறது.
தானாக எழும்புவதும் இல்லை.
இமானுவேல் கிளாக்கர் மேசையைச் சுற்றி வந்து
அதன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

'வைரஸ்தான் மிஸ்' என்றார்.
காத்துக் கறுப்பு என்று முன்பு சொன்னதற்கு
இப்போது அதுதான் பெயர்.

மூடியைக் கழற்றினேன்.
நாலு திருகாணியில் ஒன்று
எனக்கு முன்பே யாரோ கொண்டுபோயிருந்தார்.
உள்ளே மண்ணிறப் பஞ்சு.
ஸ்டோரில் தூள் சலிக்கையில் பறக்கிற மயிர்
ஜன்னல் வழியாக வந்து
காற்றாடிக்கு அடியில்
மெத்தை போட்டுப் படுத்திருக்கிறது.
கப்பலேறத் தகுதியில்லாத தேயிலை.
பிரஷால் கூட்டினேன். மூன்று தும்மல்.
காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு
புதுப் பசை, பட்டாணி அளவு.
ஒரு மணி நேரம் ஓடியது.
இரண்டு மணி நேரம்.
'சுகம்' என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் போன்:
'திரும்பவும்.'

இந்த முறை எதையும் கழற்றவில்லை.
பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில்
நேரம் எழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.
ஏழரை, ஒன்றுமில்லை.
எட்டரை, கிளாக்கர் கேத்தல் போட்டார், ஒன்றுமில்லை.
ஒன்பது, மழை.
பத்து ஐந்து:
கறுப்பு.

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.
'எங்க கொழுந்து லொறி ஸ்டோருக்குப் போனா
அது சாயுது மிஸ். நாங்க எப்பவோ பாத்துட்டோம்.'
இடுப்பில் ஈரப் படங்கோடு பவளக்கொடி.
அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.
இரண்டாயிரம் ரூபாய்க்கு
என்னைக் கேட்டார்கள்.

மத்தியான நிறுவைக்கு
மீட்டரின் இரண்டு முள்ளையும் சொருகி வைத்துக் காத்திருந்தேன்.
இருநூற்று இருபத்தைந்து.
லொறி வளைவில் திரும்பியது.
மேலே கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறிகள்
ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.
இருநூறு. நூற்றெண்பது.
நூற்று அறுபத்தெட்டு.
ஸ்டோர் ஒரு மடக்கு இழுத்ததும்
ஆபீஸுக்குத் தொண்டை காய்ந்துபோகிறது.
பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு,
மின்பெட்டியைத் திறந்து பார்த்தால்
ஒரு கப்பாசிட்டர் வயிறு உப்பி
உச்சியில் பழுப்பாய்க் கசிந்திருக்கிறது.
எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள் தாங்கியிருக்கிறது.

மூடி, மறுபடி எழுப்பினோம்.
கடைசியாகத் தட்டிய வரி
பவளக்
என்று நின்றது.
ஒற்றோடு, ஒற்றைக் காலில்.
கொடி இல்லை. கிலோ இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள்.
'கிலோ கொறைஞ்சா கணக்கப்புள்ளதான்
அரைப் பேரு போடுவாரு.
மெசினும் பழகிக்கிச்சா?'
வரிசை முழுக்கச் சிரிப்பு.
கிளாக்கர் சிரிக்கவில்லை.
நிறுவைத் துண்டைத் தேடினார்.
அது மழையில் ஊறி
நீல மையாகக் கையில் வந்தது.

'பத்தொன்பது' என்றாள்.
அவர் அவளைப் பார்த்தார்.
கதவைப் பார்த்தார்.
இந்த மலையில் இந்த மாதம்
பதினாறைத் தாண்டியவர் எத்தனை பேர் என்று
அவருக்குத் தெரியும்.
கொடியைத் தட்டினார். பத்தொன்பது தட்டினார்.
சேமித்தார்.
பிறகு இன்னொரு முறை சேமித்தார்.

புது மின்பெட்டி வேண்டும், ஸ்டெபிலைசர் வேண்டும் என்று
எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன்.
துரை கொழும்பில்.
துரைக்கு மேலே யாரோ இன்னும் தூரத்தில்.
'வேலை முடியலையே மிஸ்,
இன்னைக்குப் பாதி தர்றேன்.'
அவரே சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.
வவுச்சரில் என் பெயரைத் தட்ட
ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தபோது
நாலு முப்பத்தேழு.
மேலே உறுமல்.
கறுப்பு.

என் பெயர் யோகமலர்.
எதுவரை போயிருந்தது என்று பார்க்க
நிற்க முடியவில்லை.
ஐந்தேகாலை விட்டால்
அடுத்த பஸ் நாளைக்குத்தான்.