வெற்று எடை

கடலூர் முதுநகர் தாண்டி, சிப்காட் வாசலில்
எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும். சிவப்பு எண் நடுங்கி நிற்கும்.
சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை,
கழித்துச் சீட்டுக் கிழித்துத் தருவேன்.
அதனால்தான் விலைப்பட்டியலை நம்பவில்லை.

எடை மூன்று கிலோ நானூறு என்கிறான்.
எதன் எடை?
குழாய் மட்டும்.
அதை அணைக்கும் வளையங்கள், அடித்தகடு,
கழுத்து ஒடியாமல் பார்க்க ஒரு மூலைக்கண்ணாடி,
முக்காலி, அதில் தொங்கும் எதிரெடை இரும்பு
இதெல்லாம் யார் தோளில் ஏறும்?
எங்கள் மொட்டைமாடிக்கு நாற்பத்தொரு படி,
கைப்பிடிச் சுவர் பாதி வரைக்கும்தான்.

ஒரு ஞாயிறு ஒத்திகை பார்த்தேன்.
தோளில் பத்து கிலோ பொன்னி அரிசிப் பை,
மறு கையில் தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் வாளி.
நூறு மில்லிமீட்டர், மூன்று வில்லை
என்ற என் ஆசை
இருபத்தெட்டாம் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தது.
"அரிசியை எதுக்கு மேல கொண்டுபோற?"
கீழ்வீட்டு ஜரீனா கேட்டாள்.
வண்டு பிடிச்சிருக்கு என்றேன்.

கண்ணாடி விவகாரம் வேறு.
மட்டமான வில்லையில்
சிவப்பும் பச்சையும் ஒரு புள்ளிக்கு வந்துசேரும்,
நீலம் மட்டும் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு
ஓரத்தில் ஊதாவாக நிற்கும்.
ஐம்பத்தொன்று என்றொரு கண்ணாடி,
ஐம்பத்துமூன்று என்றொரு கண்ணாடி.
எண்ணில் இரண்டுதான் வித்தியாசம்,
பணத்தில் நாற்பத்திரண்டாயிரம்.
எண்ணே போடாமல் 'உயர்ந்த கண்ணாடி' என்று எழுதுகிறவனைப் பார்த்தால்
"கொஞ்சம் ஈரம்தான் மேடம்" என்று
சொட்டச் சொட்ட நிலக்கரி கொண்டுவரும்
டிரைவர் ஞாபகம் வருகிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பல் மருத்துவர் அந்துவான்
தன்னுடையதை விற்கிறார் என்று போனோம்.
நூற்றிரண்டு மில்லிமீட்டர், இரண்டு வில்லை, பாதி விலை.
மேற்கே வெள்ளி.
அதைச் சுற்றி ஊதாப் புகை.
அறவாழி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அழகாத்தானே இருக்கு.
இதை இல்லாமப் பண்ணவா மேல மேல பணம்?"
அந்துவான் சிரிக்கவில்லை.
டார்ச் அடித்து முன்வில்லையின் ஓரத்தைக் காட்டினார்:
பூஞ்சை, சிலந்தி நடந்த தடம் மாதிரி.
கடல்காத்து, என்றார். விலை பேசவில்லை.

அறவாழி சொன்னது சரியென்றே
நானும் ஒரு நிமிடம் நினைத்தேன்.
பிறகு நிலாவுக்குத் திருப்பினோம்.
விளிம்பில் எலுமிச்சை நிறத்தில் ஒரு கோடு.
ஒருமுறை கண்ணில் பட்ட பின்
அதைப் பார்க்காமல் நிலாவைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும் பேருந்தில், டிக்கெட்டின் பின்புறம் கணக்கு.
ஐப்பசி கார்த்திகை மழைக்கு,
மார்கழி பனிக்கு,
தெற்கு வானம் புகைபோக்கி விளக்குகளுக்கு,
மாதத்தில் பாதி ராத்திரி லாரிகளுக்கு.
கழித்தால் ஆண்டுக்கு நாற்பது இரவு தேறும்.
ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்தைப்
பத்து வருடத்துக்கு வகுத்தேன்:
இரவுக்கு முந்நூற்றுப் பதினைந்து.
என் ஒரு ஷிப்டைவிடக் கொஞ்சம் குறைவு.

சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
எண்பது மில்லிமீட்டர். மூன்று வில்லை. ஐம்பத்துமூன்று.
நூறில் தெரிவது இதில் தெரியாது,
தெரிந்துதான் வாங்கினேன்.
நாற்பத்தொரு படியும் ஏறும்.

வீட்டில் ஆளில்லை என்று
பார்சல் வேலையிடத்துக்கே வந்தது.
ராத்திரி இரண்டு மணி. லாரி இல்லை.
பெட்டியைத் தூக்கிப்போய்
மேடையின் நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து கண்ணாடிக்குள் பார்த்தேன்.

பூச்சியம்.

இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது,
தெரிந்தும் வைத்தேன்.
மேலே ஒரே மேகம்.
சீட்டு ஒன்று அடித்தேன்.
மொத்த எடை பூச்சியம், வெற்று எடை பூச்சியம்.
சரக்கின் பெயர் என்ற இடத்தில்
பேனா நின்றுகொண்டிருக்கும்போதே
வாசலில் ஒருவன் ஹாரன் அடித்தான்.
பெட்டியை எடுக்க ஓடினேன்.