சப்பென்ற பழம் கேட்டவர்

உர்கெஞ்ச் சந்தையில் என் கடை
கடைசி வரிசை, குழாயடிக்குப் பக்கம்.
தட்டினால் சொல்லிவிடுவேன்:
டொக் என்றால் இன்னும் இரண்டு நாள்,
தொம் என்றால் இன்றே அறு.
காம்படியில் மோந்தால்
ஆற்றோர மண்ணா மேட்டு மணலா என்பதும் தெரியும்.
முப்பது வருடம்
என் மூக்கை நம்பி
ஊரே இனிப்பு வாங்கியது.

போன மாதம் டாக்டர் ஷோஹிதா
தாளை என் பக்கம் திருப்பி
ஓர் எண்ணைக் காட்டினாள்.
பெயர் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
சர்க்கரையாம்.
எனக்கே விற்கப் பார்க்கிறாள்.

"பழத்தை விடச் சொல்லவில்லை, ஒய்ஜமால்.
சாறு வேண்டாம். வெயிலில் காயவைத்துப் பின்னிய வற்றல் வேண்டாம்.
புளிப்புச் செர்ரி, பச்சை ஆப்பிள், அளவாய்த் தின்னலாம்.
முலாம்பழம் என்றால் ஒரு துண்டு, நூறு கிராம்.
ரொட்டியோடு அல்ல."

ரொட்டி இல்லாத முலாம்பழமா!
எங்கள் பக்கம் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

வாங்குபவர் முன் அறுக்கும் பழத்தில்
முதல் கீற்று என் வாய்க்கு.
அதுதான் உத்தரவாதம்.
நாளைக்கு நாற்பது கீற்று இருக்கும்,
எண்ணியதே இல்லை.
வியாபாரத்தை யாராவது
வயிற்றுக் கணக்கில் எழுதுவார்களா?
இப்போது நாக்கில் தொட்டுவிட்டுத் துப்புகிறேன்.
பழத்தில்தான் ஏதோ கோளாறு என்று
பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

நேற்று நூகுஸ் லாரிக்காரர் ஜோல்திபாய்
கூட்டம் கலையும்வரை ஓரமாய் நின்றார்.
பிறகு, கள்ளச்சாராயம் கேட்பவர் போலக் குனிந்து,
"இருப்பதிலேயே சப்பென்றது எது?"

அந்தக் கேள்வி என் கடைக்கு வந்ததில்லை.
அப்படிப்பட்டவை மாட்டுக்குப் போகும்.
அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது
என் பையில் கிடக்கும் அதே நீல மாத்திரை அட்டை.
"எத்தனை வருடமாய்?"
"ஏழு. வண்டியில் யாருக்கும் தெரியாது."

குவியலைக் கிளறினேன்.
இனிப்பைக் கேட்டே பழகிய காது
பழகிய பாதையில் பின்பக்கமாய் நடந்தது.
கிடைத்தது ஒன்று:
வெளிர்பச்சை, தோலில் வலைக்கோடு சரியாய் விழாதது,
வெள்ளரிக்குச் சித்தி மகள்.
"இதிலும் சர்க்கரை உண்டு. அளந்து தின்னுங்கள்,"
என்றேன், டாக்டரின் குரலில்.
பாதி விலை சொன்னேன்.
முழு விலை தந்தார்.
"நீ தேடினாயே."

சந்தை அடைத்த பின்
எனக்கென்று ஒதுக்கிய குர்வாக்கை அறுத்தேன்.
சப்பென்றதல்ல. அன்றைய குவியலில் முதல் தரம்.
ஒரு துண்டுதான் என்றால்
அது உருப்படியாய் இருக்கட்டும்.
தராசில் வைத்து
விரல் நுனியால் அடியில் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.
நூறு காட்டியது.
எந்த வாடிக்கைக்காரருக்கும்
நான் செய்யாத மோசடி.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
விரலை எடுத்தேன்.
நூற்று முப்பத்தாறு.

கத்தியைத் தேடினேன்.